டீலோட் வாரம் எடுத்தால் சேர்த்த தசை போய்விடுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். பதினான்கு மாதமாக வாரம் நான்கு நாள் ஜிம்முக்குப் போகிறீர்கள். மூன்று வாரத்துக்கு முன்பு பெஞ்ச் பிரஸ்ஸில், அதாவது பெஞ்சில் படுத்து எடையை மேலே தள்ளும் பயிற்சியில், 80 கிலோவுக்கு நான்கு செட்டில் 6, 6, 6, 5 ரெப்ஸ் வந்தது (ஒருமுறை தூக்குவது ஒரு ரெப், ஓய்வில்லாமல் செய்யும் ஒரு சுற்று ஒரு செட்). இப்போது அதே எடைக்கு 5, 4, 4, 3. முதுகில் எடை வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் 105 கிலோவுக்கு ஐந்து செட், செட்டுக்கு ஐந்து ரெப் ஒழுங்காக முடித்துக்கொண்டிருந்தீர்கள், இப்போது நான்காவது செட்டிலேயே கால் உதறுகிறது. வலது முழங்கையின் உட்பக்கம் காலையில் எழும்போது இறுக்கமாக இருக்கிறது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. உங்கள் ட்ரெயினர், நான்காவது வாரம் கட்டாயம் டீலோட் எடுக்க வேண்டும், அதாவது அந்த வாரம் பயிற்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் தசை வளரும் என்கிறார். நண்பரோ ஒரு வாரம் குறைத்தாலே சேர்த்ததெல்லாம் கரைந்துவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் பேச்சையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கேட்ட கேள்வி வேறு. "எனக்குப் பலம் குறைகிறதா, இல்லை நான் களைத்துப் போயிருக்கிறேனா?" என்பதுதான் அது. ரெப் எழுதிவைக்கும் நோட்டில் ஒரு நாள் கணக்கை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. இரண்டிலும் ரெப் குறையும், இரண்டிலும் எடை மாட்டிய கம்பியான பார் கனமாகத் தெரியும். ஆனால் செய்ய வேண்டியது நேர் எதிர். பலம் ஏறாமல் நின்றிருந்தால் பயிற்சியைக் கூட்டவோ மாற்றவோ வேண்டும். களைப்பென்றால் குறைக்க வேண்டும். இதைத் தப்பாகக் கணித்து, களைத்த உடம்போடு இன்னும் இரண்டு செட் கூடப் போட்டுப் பார்ப்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். பன்னிரண்டு வருடமாகப் பளு தூக்கும் பயிற்சி கொடுக்கிறேன். மருத்துவர் அல்ல. அதனால் முழங்கையைப் பற்றிப் பேசும்போது ஓர் எல்லையோடு நிறுத்திக்கொள்வேன்.

களைப்புக்கும் பலத்துக்கும் உள்ள உறவை விளக்க ஒரு பழைய கணக்கு இருக்கிறது. கனடாவில் ஆய்வு செய்த எரிக் பானிஸ்டரும் அவரது குழுவினரும் 1975ல் முன்வைத்தது. ஒவ்வொரு பயிற்சியும் உடம்பில் இரண்டு விளைவுகளை விட்டுச் செல்கிறது என்றார்கள். ஒன்று தகுதி. அது மெதுவாக ஏறும், ஏறியது வாரக்கணக்கில் தங்கும். மற்றொன்று சோர்வு. அது சட்டென்று ஏறும், விட்டால் நாள்கணக்கில் இறங்கிவிடும். இன்றைக்கு நீங்கள் தூக்கிக் காட்டுவது முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்த மீதியைத்தான். சம்பளத்தில் பிடித்தம் போகக் கைக்கு வருவது போல. கைக்கு வரும் பணம் குறைந்துவிட்டது என்பதால் சம்பளமே குறைந்துவிட்டது என்று ஆகாது. பிடித்தம் கூடியிருக்கலாம். இந்தக் கணக்கு முழு உண்மை என்று நான் சொல்ல மாட்டேன். நிஜத்தில் சோர்வு ஒரே பொருள் இல்லை. தசைக்கு ஒரு வேகம், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கு ஒரு வேகம், தூக்கத்துக்கும் மனதுக்கும் வேறு வேகம். ஆனாலும் ஒரு வாரம் பாரத்தைக் குறைத்தவர் அடுத்த வாரம் பழைய எடையை எளிதாகத் தூக்குவது ஏன் என்பதற்கு இதைவிடச் சுலபமான விளக்கம் என்னிடம் இல்லை. அந்த ஒரு வாரத்தில் அவருக்குப் புதுப் பலம் எதுவும் முளைக்கவில்லை. இருந்த பலத்தின் மேல் கிடந்த மூட்டை இறங்கியது.

இனி நண்பரின் பயம். ஒரு வாரத்தில் தசை கரையாது. இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லலாம். 2011ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 16 வாரம், வாரம் மூன்று நாள் பயிற்சி கொடுத்துவிட்டு, அடுத்த 32 வாரத்துக்குச் சிலரை ஒன்பதில் ஒரு பங்கு பயிற்சி மட்டும் செய்யச் சொன்னார்கள். அதாவது வாரம் ஒரே நாள், ஒரு பயிற்சிக்கு ஒரே செட். இளம் வயதினருக்குச் சேர்த்த தசை அப்படியே இருந்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் அந்த அளவு போதவில்லை, தசை மெல்ல இறங்கியது. 2013ல் ஜப்பானில் நடந்த ஆய்வு இன்னும் துணிச்சலானது. புதிதாகத் தொடங்கிய இளைஞர்களில் ஒரு குழு 24 வாரம் விடாமல் பெஞ்ச் பிரஸ் போட்டது. இன்னொரு குழு ஆறு வாரம் போட்டு மூன்று வாரம் முழுதாக விட்டு, மறுபடி ஆறு, மறுபடி மூன்று என்று போனது. முடிவில் இரண்டு குழுவுக்கும் தசையளவும் பலமும் ஏறக்குறைய ஒன்றுதான். 2024ல் ஃபின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்து ஆய்வில் நடுவில் பத்து வாரமே இடைவெளி விட்டுப் பார்த்தார்கள். திரும்பி வந்தவர்கள் சில வாரங்களிலேயே விட்ட இடத்தை எட்டிவிட்டார்கள். பத்து வாரம் விட்டவர்களுக்கே இதுதான் கதை என்றால், ஒரு வாரம் செட்டைக் குறைக்கப்போகிற உங்களுக்கு என்ன ஆகிவிடும்?

ஆனால் நண்பர் கண்ணாடியைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பயிற்சி குறைந்த வாரத்தில் கை மெலிந்த மாதிரி தோன்றுவது உண்மைதான். கடுமையான பயிற்சிக்குப் பிறகு தசையில் ரத்த ஓட்டமும் லேசான வீக்கமும் இருக்கும். பயிற்சி செய்து பழகிய தசை சர்க்கரையைக் கிளைக்கோஜனாக அதிகமாகச் சேமிக்கும், கூடவே தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இதெல்லாம் கொஞ்சம் வடிந்தால் சட்டைக்கை தளர்ந்த மாதிரி இருக்கும். போனது தசை இல்லை. பழையபடி போட ஆரம்பித்த சில நாளில் அந்தப் பொலிவு திரும்பிவிடும்.

ட்ரெயினர் சொன்ன பாதிக்கு வருவோம். "டீலோட் எடுத்தால்தான் வளரும்" என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. 2024ல் இதையே நேரடியாகச் சோதித்தார்கள். ஏற்கெனவே பயிற்சி உள்ள 39 பேர், ஒன்பது வாரத் திட்டம். பாதிப் பேர் நடுவில் ஒரு வாரம் முழு ஓய்வு எடுத்தார்கள், மற்றவர்கள் விடாமல் செய்தார்கள். தொடைத் தசையின் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. காலின் பலத்தில் விடாமல் செய்தவர்களே கொஞ்சம் முந்தினார்கள். இதை வைத்து டீலோடே வீண் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அவசரமாகப் படுகிறது. அந்த ஆய்வில் இருந்தது முழு ஓய்வு, நாம் பேசுவது குறைத்த பயிற்சி. ஒன்பது வாரம் என்பது மூட்டுக்குத் தேய்மானம் சேரும் காலமும் இல்லை. அவர்கள் யாரும் உங்களைப் போல ரெப் இறங்கி, தூக்கம் கெட்ட நிலையில் அந்த ஓய்வுக்குப் போகவில்லை. ஐந்தாவது வாரம் வந்தது, எடுத்தார்கள். களைக்காதவருக்கு ஓய்வு கொடுத்தால் ஒன்றும் கூடாது என்பதைத்தான் அது எனக்குச் சொல்கிறது. "நான்காவது வாரம் கட்டாயம்" என்ற விதிக்கு எதிராக இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

போட்டிக்குப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்றும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பளு தூக்குதல், பவர்லிஃப்டிங், பாடிபில்டிங் போன்ற துறைகளில் இருக்கும் 246 பேரிடம் எடுத்த கணக்கு. சராசரியாக ஐந்தரை வாரத்துக்கு ஒரு முறை, ஆறு நாள் போலக் குறைத்துக்கொள்கிறார்கள். இது வழக்கம்தான், நிரூபணம் ஆகாது. அவர்கள் தூக்கும் எடையும் உங்களுடையதும் வேறு. 220 கிலோவைக் குத்துக்கல் மாதிரி முதுகில் வைத்து உட்கார்ந்து எழுகிறவருக்கு ஐந்து வாரத்தில் சேரும் பாரம், 105 கிலோ போடுகிறவருக்கு ஏழெட்டு வாரம் ஆனாலும் சேராமல் இருக்கலாம். முதல் ஆறு மாதத்தில் இருப்பவருக்கு நான் டீலோடைப் பற்றிப் பேசுவதே இல்லை. காய்ச்சல், பயணம், வீட்டு விசேஷம் என்று எப்படியும் மாதத்தில் நான்கு நாள் அவருக்கு விட்டுப்போகும். அதுவே போதும்.

அப்படியானால் நான் ஏன் இதை விடாமல் சொல்லிக் கொடுக்கிறேன்? மூட்டுக்காக. தசை சீக்கிரம் ஏறும், தசைநாண் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வரும். 1955க்கும் 1963க்கும் இடையில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14ஐ ஏகமாகக் கலந்துவிட்டன. அந்தக் காலத்தில் உடம்பில் உருவான திசுவில் அதன் தடம் இருக்கும். இதை வைத்து டென்மார்க் ஆய்வாளர்கள் குதிகால் தசைநாணை ஆராய்ந்து 2013ல் வெளியிட்டார்கள். அதன் நடுப்பகுதி பதினேழு வயது வாக்கில் உருவாகி முடிந்துவிடுகிறது, பிறகு கிட்டத்தட்டப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. குண்டு வெடித்ததில் நமக்குக் கிடைத்த ஒரே உபயோகமான செய்தி இதுவாகத்தான் இருக்கும். இதனால் ஒரு வாரம் குறைத்தால் தசைநாண் புதிதாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள், ஆகாது. எரிச்சல் முற்றுவதற்குள் அதற்கு ஓர் இடைவெளி கிடைக்கிறது, அவ்வளவே. அந்த இடைவெளி எனக்குக் கிடைக்காமல் போனதால் அதன் மதிப்பு தெரியும். முப்பத்து நான்கு வயதில் ஓவர்ஹெட் பிரஸ் வாரா வாரம் ஏறிக்கொண்டிருந்தது. இடது தோளில் ஒரு சுருக். எண் ஏறுகிறதே என்று ஏழு வாரம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எட்டாவது வாரம் ஒருநாள் காலையில் சட்டைக்குள் கையை நுழைக்க முடியவில்லை. அடுத்த நான்கு மாதம் பிளேட் இல்லாத வெறும் 20 கிலோ பாரோடு நின்றேன், பக்கத்தில் நான் பயிற்சி கொடுத்த பையன்கள் என் பழைய எடையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

எப்போது எடுப்பது என்பதற்கு நாள்காட்டியைவிட நோட்டு நல்லது. ஒரு நாள் சரியாகப் போகாவிட்டால் அது ஒன்றுமில்லை. தூக்கம் போயிருக்கும், மதியம் சாப்பிடாமல் வந்திருப்பீர்கள். நான் பார்ப்பது தொடர்ந்து இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு பயிற்சிகளில் ரெப் இறங்குகிறதா என்று. பெஞ்ச் மட்டும் இறங்கி ஸ்குவாட் ஏறினால் அது பெரும்பாலும் பெஞ்சின் பிரச்சினை. இரண்டும் சேர்ந்து இறங்கினால் உடம்பின் பிரச்சினை. அதற்கு முன்னாலேயே வரும் ஓர் அறிகுறியும் உண்டு. வார்ம்-அப் செட்டைக் கவனியுங்கள். 60 கிலோ வழக்கமாக மார்பைத் தொட்டதும் துள்ளி எழும். சோர்வு சேர்ந்த வாரங்களில் அது நடுவழியில் ஒரு கணம் யோசித்துவிட்டுப் போகும். கையில் பிடித்த வெறும் பாரே நேற்றைவிடத் தடிமனாகத் தோன்றும். இதை எந்த ஆய்வும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நூற்றுக்கணக்கான வார்ம்-அப்களைப் பக்கத்தில் நின்று பார்த்ததில் வந்த பழக்கம். தூக்கம் கலைவது, காரணமில்லாமல் எரிச்சல் வருவது, ஜிம் பையை எடுக்கவே மனமில்லாமல் போவது இவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் தனியாக இவற்றை மட்டும் நம்ப மாட்டேன். வேலையில் நெருக்கடி இருந்தாலும் இதெல்லாம் வரும். உங்களுக்கு ரெப் இரண்டிலும் இறங்கியிருக்கிறது, தூக்கமும் கெட்டிருக்கிறது, மூட்டும் பேசுகிறது. நேரில் பார்க்காமலே குறையுங்கள் என்று சொல்லும் அளவுக்கு இது போதும். ஓவர்ட்ரெயினிங் என்று மட்டும் இதற்குப் பெயர் வைத்துக்கொண்டு பயப்படாதீர்கள். அது மாதக்கணக்கில் ஆளைப் படுக்கப்போடும் விஷயம், எடைப் பயிற்சி மட்டும் செய்கிறவர்களிடம் அபூர்வம்.

எப்படிக் குறைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பாதி எடையைப் போட்டுப் பழைய செட்டுகளை அப்படியே அடிப்பதுதான் ஜிம்களில் சாதாரணமாக நடப்பது. நான் செட்டைத்தான் வெட்டுவேன், எடையை லேசாகத் தட்டுவேன். போட்டிக்கு முன் பயிற்சியைக் குறைக்கும் முறைகளைப் பற்றிய ஆய்வுகளை 2007ல் தொகுத்துப் பார்த்தபோது, அளவைப் பாதி வாக்கில் குறைத்து, தீவிரத்தைக் குறைக்காமல் விட்டவர்களுக்குத்தான் நல்ல பலன் இருந்தது. அவர்கள் ஓட்டம், நீச்சல், சைக்கிள் வீரர்கள் என்பதால் அப்படியே எடைப் பயிற்சிக்குப் பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் திசை சரி என்று என் அனுபவம் சொல்கிறது. கனமான பாரின் கீழ் உடம்பை இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் ஒரு வாரத்தில் மங்கக் கூடாது. 40 கிலோவைப் போட்டு ஆடிக்கொண்டிருந்தால் அது மங்கும், அடுத்த திங்கட்கிழமை 80 கிலோ அந்நியமாகத் தெரியும்.

உங்கள் எண்களிலேயே போட்டுக் காட்டுகிறேன். ஸ்குவாட் 95 கிலோ, மூன்று செட், செட்டுக்கு மூன்று ரெப். 5×5ஆக 105 போட்டபோது மொத்தம் 2,625 கிலோ தூக்கினீர்கள், இப்போது 855. மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. பெஞ்ச் 72.5 கிலோ, இரண்டு செட், நான்கு ரெப். கடைசியாகப் போட்ட 1,280 கிலோவுக்குப் பதில் 580. ஒவ்வொரு செட்டையும் இன்னும் மூன்று நான்கு ரெப் வரும் என்ற இடத்திலேயே நிறுத்திவிட்டு பாரை ரேக்கில் வையுங்கள். நான்கு நாள் வருகிறவர் நான்கு நாளும் வரலாம், மூன்றாகக் குறைத்தாலும் சரி. முழுதாக வராமல் இருப்பதும் பாவமில்லை. மனதளவில் ஜிம்மே கசந்துபோனவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அந்த வாரத்தில் உண்மையான கஷ்டம் வேறு. இருபத்தைந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், வேர்த்திருக்காது, கை சும்மா இருக்கும். அப்போதுதான் "சரி, ரெண்டு செட் கர்ல் போட்டால் என்ன" என்று தோன்றும். புதன்கிழமை உடம்பு லேசானதும் ஒரு மேக்ஸ், அதாவது ஒரே ஒருமுறை தூக்க முடிகிற அதிகபட்ச எடை, போட்டுப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். வெள்ளிக்கிழமை பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வருவார்கள். இதுவரை செய்யாத புதுப் பயிற்சியை "லைட்டாக" முயன்று, அதனால் நான்கு நாள் உடம்பு வலியோடு திரும்பியவர்கள் உண்டு. இறக்கிய மூட்டையை இன்னொரு தோளில் ஏற்றுவதுதான் இதெல்லாம். அதுபோல சாப்பாட்டையும் குறைக்காதீர்கள். பயிற்சி குறைகிறதே, கலோரியையும் குறைத்துக் கொழுப்பைக் கரைக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் மீள்வதற்கான வாரத்தை வீணாக்குகிறார்கள். அந்த மூன்று மணி விழிப்பு ஏதாவது மாலை நேரக் காபியால் வருகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள், பயிற்சிக்கு முன் குடிக்கும் ப்ரீ-ஒர்க்அவுட் பொடியிலும் அதே காஃபின்தான்.

முழங்கைக்கு மட்டும் மேலே சொன்ன எடைக் கணக்கைத் தளர்த்திக்கொள்ளுங்கள். தசைக் களைப்புக்குச் செட்டை வெட்டினால் போதும், மூட்டு வலிக்கு எடையையும் வெட்ட வேண்டும். 72.5ல் வலி வந்தால் 60க்கு இறங்குங்கள், அல்லது உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி டம்பெல் பிடித்துப் போடுங்கள். கர்ல், புல்-அப், டிரைசெப்ஸ் எக்ஸ்டென்ஷன் மூன்றையும் அந்த வாரம் தொடாதீர்கள். இன்னொன்று, உட்பக்க முழங்கை வலிக்கு எல்லாரும் பெஞ்ச்சைத் திட்டுவார்கள். நான் முதலில் ஸ்குவாட்டில் பாரைப் பிடிக்கும் விதத்தைத்தான் பார்ப்பேன். பாரைத் தோளுக்குக் கீழே இறக்கி வைத்து, கைகளைக் குறுக்கிப் பிடித்து, மணிக்கட்டை மடக்கி அதன் எடையைக் கையில் தாங்கினால் அத்தனையும் முழங்கையின் உட்பக்கத்தில்தான் இறங்கும். பிடியை இரண்டு விரல் அளவு அகலமாக்கி, மணிக்கட்டை நேராக வைத்துப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ எடுத்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். சுண்டு விரலிலும் மோதிர விரலிலும் மரத்துப்போதல், பிடி தளர்வது, வீக்கம், ஓய்விலும் விடாத வலி, இவற்றில் எது இருந்தாலும் டீலோட் கணக்கெல்லாம் வேண்டாம், எலும்பு மூட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். எழுத்தில் படித்து முழங்கைக்கு வைத்தியம் சொல்கிறவரை, என்னையும் சேர்த்து, நம்ப வேண்டாம்.

வாரம் முடிந்த திங்கட்கிழமை பெஞ்ச்சில் நேராக 82.5க்குத் தாவாதீர்கள். அதே 80, அதே நான்கு செட், அதே ஓய்வு நேரம். ஒப்பிட வேண்டுமானால் மற்றதெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும். பழைய 6, 6, 6, 5 வந்தாலோ அதைத் தாண்டினாலோ நீங்கள் களைத்துத்தான் போயிருந்தீர்கள், பலம் எங்கும் போகவில்லை. அடுத்த ஆறேழு வாரம் நிம்மதியாக ஏற்றலாம். மறுபடி 5, 4, 4, 3தான் வருகிறதென்றால், தூக்கமும் இந்த வாரம் சரியாகியிருந்தால், களைப்பைக் குற்றம் சொல்ல முடியாது. அப்போது திட்டத்தைத்தான் திறந்து பார்க்க வேண்டும். பதினான்கு மாதமாக ஒரே செட், ஒரே ரெப், போதாத புரதம், அல்லது தெரியாமலே குறைந்துபோன உடல் எடை. அந்த நான்கு எண்களையும் உங்கள் உடல் எடையையும், மூன்று மாதத்துக்கு முன்பிருந்த எடையையும் சேர்த்து இங்கேயே எழுதுங்கள், அங்கிருந்து பேசலாம்.